நல்ல காலில் ஒரு கட்டு

"அடிபட்டது வலது கால். இவங்க இடது காலையும் கிழிச்சு வெச்சிருக்காங்க!"

மச்சான் போட்ட சத்தத்தில் வார்டே விழித்துக்கொண்டது. வலது கை பேன்ட் பாக்கெட்டில் இருக்க, இடது கையால் போர்வையை விலக்கிக் காட்டினார். படுத்திருந்தது தங்கை புருஷன்; மாப்பிள்ளையின் இரண்டு கால்களிலும் கட்டு.

"அண்ணே, மெதுவா," என்றாள் தங்கை.

"நீ சும்மா இரும்மா. கேக்க ஆளில்லைன்னு நினைச்சிட்டாங்க."

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலது தொடையில ரத்தக்குழாய் அறுந்து, நடுவுல ஒரு துண்டு வீணாப் போயிடுச்சு சார். இழுத்துத் தைச்சா எட்டாது. அதான் இடது கால்லேர்ந்து கொஞ்சம் குழாய் எடுத்து ஒட்டுப் போட்டோம். ரெண்டு காலும் பிழைச்சிடும்."

"அதுக்கு நல்லா இருந்த காலையா வெட்டுறது?"

"ஒட்டுப் போடணும்னா நல்ல துணியிலதான் சார் கிழிக்கணும்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டார்.

"நானும் ஒண்ணு கேக்கணும்," என்றார் டாக்டரம்மா. "நீங்க ரெண்டு பேரும் கடைக்குக் கண்ணாடி மாட்டும்போது உடைஞ்சு தொடையில ஏறிடுச்சுன்னு சொன்னீங்க. அந்தக் கண்ணாடித் துண்டு தனியாத் துணியில சுத்தி வந்துச்சே, யார் உருவினது?"

மச்சானின் இடது கை கீழே இறங்கியது.

"குத்தினது குத்தினபடியே விட்டிருந்தா, அந்தக் கண்ணாடியே அடைப்பா நின்னிருக்கும். உருவினதாலதான் அவ்வளவு ரத்தம். உயிரே போயிருக்கும்."

"யாரு உருவினது?" தங்கையும் கேட்டாள். அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை. "முள்ளு குத்தினா எடுக்கத்தானே தோணும்? மச்சான் வேணாம் வேணாம்னு கத்தினாரு. நான் கேக்கலை."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் பேச்சை என்னிக்குக் கேட்டிருக்கீங்க நீங்க?"

மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடி பார்ப்பதுபோல டாக்டரம்மா மாப்பிள்ளையின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"இனிமே எதையும் உருவாதீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அந்த மச்சானை மட்டும் தனியாக் கூப்பிடுங்க சிஸ்டர். பாக்கெட்டுல இருக்கிற கைக்கும் தையல் போடணும்."