நானூறு கிராம்

அமெரிக்காவில், லிவர்மோர் கோயில் வாசலில் காரை நிறுத்திய பிறகும் வான்மதி இறங்கவில்லை. மடியில் லேப்டாப். அதில் ஒரு குழந்தையின் எடை.

கிரேஸ். மலாவியில் ஏதோ ஒரு கிராமத்துப் பெண், ஐந்து வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சரியாக நானூறு கிராம் கூடியிருந்தது.

எந்தப் பிள்ளை இப்படிச் சொல்லி வைத்தாற்போல் வளரும்?

அறுவடைக்கு முந்திய மாதங்களில் அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இளைக்கும். கிரேஸ் மட்டும் இரண்டு வருஷமாக இளைக்கவே இல்லை.

எடை பார்த்து எழுதுகிறவன் லிம்பானி. ஏழு வருஷமாக வேலையில் இருக்கிறான், குரல் உயர்த்திப் பேச மாட்டான். இப்போது நினைத்தால் அந்தப் பணிவே சரியில்லை என்று பட்டது. வீட்டுப் படி ஏறாமல் மரத்தடியில் உட்கார்ந்து எழுதித் தள்ளியிருக்கிறான், கேடி!

சத்துமாவு கொடுத்தால் ஏழைக் குழந்தைகள் தேறும். அதை நிரூபிக்கத்தான் பேராசிரியை வான்மதி பன்னிரண்டு வருஷம் உழைத்தாள். அதிலேயே கை வைத்துவிட்டான். இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட வேண்டும்.

அச்சுதன் கண்ணாடியைத் தட்டினான். "அர்ச்சனை லைன் மூவ் ஆயிடுச்சு வான்மதி. ஃபோன் எல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம், வா."

கணவனைக் கையசைத்துப் போகச் சொல்லிவிட்டு, லிம்பானியை அழைத்தாள்.

அவன் மழுப்பவில்லை. "கிரேஸ் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, மேடம். அதை எழுதினால் அந்த வீட்டுக்கு மாவு நின்றுவிடும். இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்."

எந்த மடையன் போட்ட சட்டம் என்று கத்த வாயெடுத்தாள்.

ஆய்வுக் கையேட்டின் ஒன்பதாம் பக்கம் நினைவுக்கு வந்தது. பதிவான குழந்தை இறந்தால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கவும். புள்ளிவிவரம் சுத்தமாக இருக்கட்டும் என்று அவளே எழுதியது.

 மற்ற கிராமங்களின் பட்டியலைத் திறந்து, ஒருமுறைகூட இளைக்காத பிள்ளைகளை மட்டும் பிரித்தாள்.

உருட்ட உருட்டப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. மாவு தின்று தேறியவர்கள் என்று மேடை மேடையாக அவள் காட்டிய பிள்ளைகள்.

லிம்பானி இன்னும் லைனில் இருந்தான். இந்தத் தடவை கிரேஸுக்கு எவ்வளவு எழுதட்டும் என்று பணிவாகக் கேட்டான்.