பால்கட்டு

அத்தைக்கு வழி தெரிந்திருந்தது.

பயாப்சி முடிவை எங்கே வாங்க வேண்டும் என்று மருமகள் வரவேற்பில் கேட்க வாயெடுப்பதற்குள், மாமியார் பக்கவாட்டுப் படியில் பாதி ஏறியிருந்தார். இரண்டாவது மாடி, இடது கைப்பக்கம், மூன்றாவது கதவு. யாரிடமும் கேட்கவில்லை. லிஃப்ட் இருந்த திசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் ஊசி போட்டுச் சதை எடுத்தது பக்கத்துக் கட்டடத்தில். இந்தக் கட்டடத்துக்கு வருவது இருவருக்கும் இதுதான் முதல் தடவை.

அல்லது அவளுக்கு மட்டும்தான் முதல் தடவை.

அவள் கண்ணாடிக்கடையில் பார்வை சோதித்து பவர் எழுதித் தருகிறவள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுத்தைப் படிக்கிறாரா, மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கிறாரா என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அத்தையின் முகம் மட்டும் பிடிபட்டதே இல்லை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றையும் வெளியே காட்டாமல் ஓய்வு பெற்றவர்.

இருபது நாளாகவே அவளுக்கு அத்தைமேல் சந்தேகம்.

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் தெருமுனை டாக்டரிடம்தான் முதலில் போனாள். அவர் அழுத்திப் பார்த்தார். வயது இருபத்தொன்பது, எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள், இது வெறும் பால்கட்டு என்று மாத்திரை எழுதித் தந்தார். வீடே மூச்சு விட்டது. கணவன் அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தான்.

அத்தை சிரிக்கவில்லை.

மறுநாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "இருபத்தொம்பது. ஆமா, பால் குடுக்கிறா. இல்ல, வலியே இல்லையாம்."

இவள் உள்ளே நுழைந்ததும் போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கத் தொடங்கினார்.

யாரிடம் சொல்லியிருப்பார்? சொந்தபந்தத்துக்குள் இப்போதே தண்டோரா போடுகிறாரா? சீக்குக்காரியை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஆள் சேர்க்கிறாரா?

அடுத்து பால் புட்டி வந்தது. யாரும் கேட்காமலே வாங்கிவந்து, பேத்தியை மடியில் போட்டுக் கொஞ்சிக் கெஞ்சிப் பழக்கினார். நாலாம் நாள் குழந்தை புட்டியைக் கண்டதும் அத்தையிடம் தாவியது.

அவள் கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். நான் உயிரோடு இருக்கும்போதே இந்த மனுஷி என் இடத்தில் வந்து உட்காருகிறாள்.

பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாமே என்று சொன்ன மகனோடு, கூட்டிப்போகிறவரை சோற்றைத் தொடமாட்டேன் என்று சண்டை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்ததும் அத்தைதான். கல்யாணமான நாலு வருஷத்தில் அவளுக்குத் தலைவலி என்றால் ஒரு தைலம் எடுத்துக் கொடுத்தவரில்லை. இப்போது மட்டும் என்ன திடீர் கரிசனம்?

கதவு திறந்தது. நர்ஸ் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டாள்.

உள்ளே இருந்த பெண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய்தான். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர். இளவயதில் வருவது வேகமாக வளரும் வகையாக இருப்பதுண்டு, இதுவும் அப்படித்தான். ஆனால் அக்குளில் நெறி கட்டவில்லை. மருந்து ஏற்ற வேண்டும், பிறகு அறுவை. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் மருந்து தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், கருமுட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தலாம். குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தாய்ப்பாலை மட்டும் உடனே நிறுத்தியாக வேண்டும்.

அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை டாக்டரைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் எதுவுமே புதிதாக இல்லை.

"பால் குடுக்கிறவங்க பெரும்பாலும் மாசக்கணக்குல விட்டுட்டுதான் வருவாங்க," என்றார் டாக்டர், அத்தையிடம். "அன்னைக்கு போன்ல என்கிட்ட பேசினது நீங்கதானே?"

அத்தை ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் படிவத்தை இழுத்துவைத்துக்கொண்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"வந்துச்சு," என்றார் அத்தை. "எம் பொண்ணுக்கு."

எழுதப் போன டாக்டர் நிறுத்தினார். ரத்த சம்பந்தம் உள்ளவர்களைத்தான் கேட்கிறேன் அம்மா, மருமகளுக்கு அது கணக்கில் வராது என்று மெதுவாகச் சொன்னார்.

இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கணவனின் அக்கா பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, கைக்குழந்தையை விட்டுவிட்டு, காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள் என்றுதான் அந்த வீட்டில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது அப்பாவோடு இருந்து கல்லூரியில் படிக்கிறான்.

நடைக்கூடத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது மூலை திரும்பி மறையும் வரை அவள் காத்திருந்தாள்.

"அவங்களுக்கும் டாக்டர் தப்பாதான் சொன்னாரா அத்தை?"

அத்தை மடியிலிருந்த ஃபைலின் நாடாவை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"டாக்டர்கிட்ட உடனே எங்கம்மா போனோம். இந்தப் படியேறி வந்தப்போ எல்லாம் முத்திப்போச்சு. அவ என்கிட்டதான் வந்து காட்டினா. பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம், இதைப்போய் வெளியில சொல்வாங்களான்னு அவ வாயை அடைச்சதே நான்தான்."