மத்தியான வெயிலில் ஒரு கைதட்டல்

“இந்த ஆளுக்குக் கொஞ்சமாவது அறிவு கீதான்னு பாரு!”

தமிழ்செல்வி பல்லைக் கடித்தாள். முன் வரிசையில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த பச்சைத் துண்டுக்காரர் மறுபடியும் எழுந்து நின்று படபடவென்று கைதட்டிக்கொண்டிருந்தார். பாட்டு இன்னும் முடியவே இல்லை. நடுவில் கீபோர்டு மட்டும் வாசிக்கிற இடம் அது.

கும்மிடிப்பூண்டி மைதானத்தில் கோடை இசை விழா. மெட்ராஸிலிருந்து வரும் பெரிய குழு சாயங்காலம்தான். அதுவரைக்கும் உள்ளூர் ஆர்கெஸ்ட்ராக்கள், ஒன்று மாற்றி ஒன்று. பந்தல் மேடைக்கும் விஐபி நாற்காலிகளுக்கும் மட்டும். மற்றவர்களுக்கெல்லாம் மே மாத வெயில்.

ஒரே பாட்டை மூன்று குழு பாடியாகிவிட்டது. மைக் வேறு நிமிஷத்துக்கொரு தரம் கீச்சென்று கத்தியது. வாங்கிய தண்ணீர் பாக்கெட் டீ மாதிரி கொதித்தது. இதில் இந்த ஆள் வேறு! நல்லா பாடினாலும் கைதட்டல், கழுத்தறுத்தாலும் கைதட்டல், கூடவே “ஒன்ஸ் மோர்!” என்று ஒரு கத்தல்.

“பேஜாரு புடிச்ச ஆளு” என்று முணுமுணுத்தபடி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள். முடியாது. அடுத்து அவள் புருஷன் குணா பாடப்போகிறான். கெமிக்கல் கம்பெனியில் கூட வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொண்டு அவன் ஆரம்பித்த ‘பி ஷிப்ட் மெல்லிசைக் குழு’வுக்கு இதுதான் முதல் மேடை. வெயில் உச்சியில் இருக்கும்போது, கூட்டமெல்லாம் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து இவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

குணா மைக்கைப் பிடித்தான். முதல் சரணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது சரணத்தில் வாயைத் திறந்தவன், திறந்தபடியே நின்றான்.

வரி மறந்துவிட்டது.

தபலாக்காரர் சமாளித்து வாசித்துக்கொண்டே இருந்தார். குணா மலங்க மலங்க விழித்தான். பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். தமிழ்செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அந்த ஆள் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார்.

“ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!”

அவளுக்குத் தலைக்கேறியது. விறுவிறுவென்று போய் அவர் முன்னால் நின்றாள்.

“இன்னாய்யா, கிண்டலா? மனுசன் மேடைல தவிச்சிக்கினு நிக்கறாரு, உனக்கு ஒன்ஸ் மோர் கேக்குதா?”

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். தலையை ஆட்டினார். மறுபடி மேடையைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தார்.

இவ்வளவு திமிரா? பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற விழாக் கமிட்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

“இன்னாண்ணே வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றாரு, வெளிய அனுப்புங்க!”

கமிட்டிக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பி மேடையைப் பார்த்தபடி போனார்.

இந்தச் சண்டையில், குணா விட்ட இடத்தைப் பிடித்துப் பாட்டை முடித்ததைக்கூட அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

கீழே இறங்கி வந்தவனுக்குச் சட்டையெல்லாம் வேர்வை. முகமெல்லாம் சிரிப்பு.

“செல்வி, முன்னாடி பச்சத் துண்டு போட்டுக்கினு ஒருத்தர் இருந்தாரே, எங்க அவரு?”

“எதுக்கு?”

“வரி மறந்ததும் மைக்க வெச்சிட்டு எறங்கி ஓடிடலாம்னு இருந்தேன். அந்த மனுசன் எழுந்து நின்னு தட்டினாரு பாரு, அப்புறந்தான் உசுரே வந்துச்சு. ஆமா, நீயும் தட்டின இல்ல?”

தமிழ்செல்வி முந்தானையைச் சரிசெய்தாள்.

“வாங்க, தேடலாம்” என்று மட்டும் சொன்னாள்.

வாசலுக்கு வெளியே, கரும்புச்சாறு வண்டி நிழலில் அவர் நின்றிருந்தார். குணா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க ஐயா. நீங்க கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சி...”

அவர் உள்ளங்கையைக் குவித்துக் காதருகே வைத்தார்.

“சத்தமா சொல்லும்மா. இரும்பு மில்லுல வேலை செஞ்சி செஞ்சி ரெண்டு காதும் அவுட்டு. பக்கத்துல வந்து கத்தினாத்தான் கொஞ்சம் காதுல உழும்.”

தமிழ்செல்வி திகைத்துப் போனாள். காதருகே குனிந்து கத்தினாள்.

“காது கேக்காதுன்னா பாட்டுக் கச்சேரிக்கு எதுக்கு வந்தீங்க?”

“ஊட்ல குந்திக்கினு இன்னாம்மா பண்றது? இங்க வந்தா பாடறவங்க மூஞ்சியப் பாக்கலாம். அதுவே நல்லா இருக்கும்.”

“அப்போ, இவரு பாட்ட மறந்துட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

“மறந்துட்டாரா?” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் குணாவைப் பார்த்தார். “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. தம்பி பயந்துட்டாரு, அது தெரிஞ்சுது. அதான் தட்டினேன்.”