அண்ணி தராத மாத்திரை

மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த மருமகள், இதயத் துடிப்பு மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

நான்கு நாள் முன்பு பிறந்த வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் பொங்கிவிட்டாள்.

“நான் இருக்கும்போதே இப்படின்னா, இல்லாதப்போ எப்படி அண்ணி? கையைப் பிடிச்சதைப் பாத்தா பாசம் பொத்துக்கிட்டு வருதுன்னுல்ல நெனச்சேன்!”

“நாடி பாத்தேம்மா. நாப்பத்தாறுதான் இருக்கு. அறுபதுக்குக் கீழ போனா மாத்திரையை நிறுத்திட்டு உடனே கூப்பிடச் சொல்லியிருக்கார் டாக்டர். முதல் தடவை பாத்தப்பவே கூப்பிட்டுட்டேன், இது ரெண்டாவது தடவை. வண்டி வருது.”

“சும்மா கதை விடாதீங்க.”

“ஒரு வருஷமா எழுபதுக்குக் கீழ வந்ததே இல்ல. இந்த நாலு நாளா இறங்கிக்கிட்டே வருது. மாத்திரை கூடிப்போச்சான்னு கேக்கறார். காலையில ஒண்ணுதானே குடுக்கறேன், அதான் புரியல.”

நாத்தனாருக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் நான்கு குழிகள் காலியாக இருந்தன.

“நீங்க குடுக்கறதில்லையோன்னு சந்தேகம், அண்ணி. அம்மாவோட பழைய மருந்துச் சீட்டைக் கடையில காட்டி வாங்கி, தினமும் சாயங்காலம் நானும் ஒண்ணு குடுத்தேன்.”

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

“அழுகையெல்லாம் அப்புறம். அட்டையைப் பத்திரமா வச்சுக்க, டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும். இப்ப அத்தையோட அந்தப் பக்கத் தோளைப் பிடி.”