கண்ணுக்கேற்ற வேலை

சாமிக்கண்ணுவுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே பனிமூட்டம். ரப்பர் பால்வெட்டில் கத்தியை ஆழமாக இறக்கி அவன் மரத்தைக் காயப்படுத்துவான்; அதற்காகத் தொப்பியும் பிரம்புமாக வரும் கங்காணி, மண்டோர் பிச்சைமுத்து, அவனைக் காயப்படுத்துவார்.

மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்து வந்து தாக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து நியாலாஸ் தோட்டத்துக் கேட்டில் யாரும் காவல் நிற்கவில்லை. மண்டோர் துப்பாக்கியை அவனிடம் நீட்டினார்.

“கண்ணு தெரியாதுங்களே ஐயா.”

“காது கேக்கும்ல? நில்லுன்னு கத்து. நிக்காதவன் எவனா இருந்தாலும் சுடு.”

மறுவாரமே கேட்டருகே மார்பில் குண்டு பாய்ந்து மண்டோர் செத்தார்.

“நில்லுன்னேன், நிக்கலீங்க. கண்ணு தெரியாதுன்னு அவருகிட்டயே சொல்லியிருந்தேன்,” என்றான் விசாரணையில். தோட்டத்துரையும் அவன் பார்வை மங்கலென்று சாட்சி சொல்ல, தூக்குக்குத் தப்பினான்.

வீட்டில் மனைவி கோமளா கேட்டாள்: “கண்ணு தெரியாம எப்படிங்க குறி தப்பல?”

“எப்பவும்போல அறையறதுக்குக் கிட்ட வந்தாரு. பல்லுல இருந்த வெத்தலக் காவிகூடத் தெரிஞ்சிச்சு.”