ஆறாவது ஆள்

காலை எட்டு மணி. ஷிஃப்ட் மாறுகிறது. தீயணைப்பு நிலையத்துப் பலகையில் புதுப் பட்டியல் தொங்குகிறது: இனி வண்டிக்கு ஆறு பேர் இல்லை, ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் டெலிபோன் மேஜைக்கு. அந்த ஆறாவது ஆள், வண்டியின் முன்கதவருகே பதினோரு வருடம் தன் பூட்ஸ் நின்ற இடத்தைப் பார்த்தபடி இருக்கிறான். இன்று அங்கே மச்சினனின் பூட்ஸ் நிற்கிறது. அதன் புது ரப்பரில் வெயில் வழுக்குகிறது. "ஒழுங்கா வைக்கக்கூடத் தெரியல," என்று முனகிக்கொண்டே குனிகிறான். ஒழுங்காகத்தான் இருக்கிறது. மணி அடிக்கிறது. "மாமா, அட்ரஸ்!" என்று மச்சினன் கை நீட்டுகிறான். இவன் முகவரி குறித்த சீட்டைக் கொடுக்கிறான். வண்டி போனதும், அது நின்ற இடத்தில் டீசல் புகையும் ஐந்து ஜோடிச் செருப்பும் மிஞ்சுகின்றன. ஆறாவது ஜோடி அவன் காலிலேயே இருக்கிறது.

டெலிபோன் ஒலிக்கிறது. மனைவி. வீட்டுத் தெருவைச் சைரன் கடக்கும்போதெல்லாம் நிலையத்துக்குப் போன் செய்து, எடுத்தவரிடம் "அவர் போயிருக்காரா?" என்று கேட்பாள். அவள் குரல் நடுங்குவதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் அவனைக் கேலி செய்வார்கள். அந்த நடுக்கத்தை இன்றுதான் அவன் காதால் கேட்கிறான்.

"ஏங்க, தம்பி போயிருக்கானா?"

"ம்."

"பெரிய தீயா? பத்திரமா வந்துருவான்ல?"

"வந்துருவான். நான் இங்கதான் இருக்கேன்."

"உங்களுக்கென்ன. சீக்கிரம் போனை வைங்க, அவன்கிட்டருந்து தகவல் வந்துரப் போகுது."