அகழெலிக்கு மட்டும் சட்டம் இல்லை

கிளைவ் கையில் இருந்த மாவுச் சல்லடை பாதியில் நின்றது.

"யாரும் மூச்சு விடாதீங்க," என்றார்.

பிப்ரவரிக் காலை. மூச்சு வாயை விட்டு வந்ததும் உறைந்து பூட்ஸ் மேல் விழுந்துகொண்டிருந்தது. விடாமல் இருப்பதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நாங்கள் மூன்று பேர், மண்கரையின் கிழக்குச் சரிவில், மண்டியிட்டபடி.

ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் ஓர் அரசன் வேல்ஸ்காரர்களுக்குப் பயந்து போட்ட கரை. மேற்கே வேல்ஸ், கிழக்கே இங்கிலாந்து. இன்று அது பாரம்பரியச் சின்னம். ஒரு தேக்கரண்டியால் குத்தினாலும் அபராதம். பலமாகத் தும்மினால் எச்சரிக்கைக் கடிதம் வரும்.

அகழெலிக்கு மட்டும் சட்டம் இல்லை. அது பாட்டுக்குக் கரையைக் குடைந்து மண்ணை வெளியே குவிக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் சமையலறைச் சல்லடைகளோடு வந்து, அது தள்ளியதைச் சலித்துப் பார்க்கிறோம். எங்கள் ஊரில் தொல்லியல் என்றால் இதுதான். எங்கள் அகழெலிகள் கன்றுக்குட்டி அளவு இருக்கும். அவை போட்ட குவியல் மேல் ஏறி நின்றால் கடல் தெரியும்.

இதுவரை கிடைத்தவை சில ஈயக் குண்டுகள், ஒரு புகைக்குழாய்த் துண்டு, கிளைவின் சட்டைப்பையிலிருந்தே விழுந்த ஒரு நாணயம். ராணியின் முகம் துலங்கும்வரை அந்த நாணயத்துக்கு அவர் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சல்லடையில் வெளிறிய சாம்பல் நிறத்தில், கல் உப்பு போல ஒரு பிடி.

"எலும்பு," என்று கிசுகிசுத்தார். "எரிச்ச எலும்பு. மனுஷ எலும்பு."

கிளைவ் பர்மிங்ஹாமில் வங்கி மேலாளராக இருந்து, ஓய்வுக்குப் பின் இங்கே குடிவந்தவர். கடன் கேட்டு வந்தவர்களை எலும்புவரை பார்த்துப் பழகியவர்.

நெஸ்டா பிரீஸ் தன் குவியலை விட்டு எழுந்து வந்தாள். மேற்கே வேல்ஸ் பக்கத்தில் ஆடு வளர்க்கிறவள். என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள். சல்லடைக்குள் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"கோழி எலும்பு. கொட்டிடுங்க."

"கோழியை யாருங்க இப்படிச் சுண்ணாம்பா எரிப்பாங்க?"

"எங்க அப்பா செத்த ஆட்டை இங்கதான் எரிப்பாரு. அதுவா இருக்கும். கொட்டுங்கன்னா!"

கிளைவ் கையுறையை மாட்டினார். பிளாஸ்டிக் பையை எடுத்தார். அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால் செத்தவன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்பதுவரை சொல்லிவிடுவார்களாம்.

நெஸ்டா பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேயும் அனுப்ப வேண்டாம். கிடந்த இடத்துலயே கிடக்கட்டும்."

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"போர்வீரன்தான்," என்றேன். "பார்த்தாலே தெரியுது."

"வாயை மூடுடா பெர்சி. ஆட்டுச் சந்தையில நீ ஏலம் கூவுனதெல்லாம் முடிஞ்சு போச்சு."

"போர்வீரனா? தளபதிங்க!" என்றார் கிளைவ்.

"வெள்ளைக் குதிரை வெச்சிருந்திருப்பான்," என்றேன்.

"தங்கப் பிடி போட்ட வாள்."

"அரசனுக்குத் தம்பி முறை."

விலை ஏறிக்கொண்டே போனது. நெஸ்டா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அரசனுக்குத் தம்பி என்றபோது லேசாக நிமிர்ந்துகூட நின்றாள். பையை மட்டும் விடவில்லை.

"ஒண்ணு மட்டும் நிச்சயம்," என்றார் கிளைவ். "கரைக்குக் கிழக்கே கிடைச்சிருக்கான். அசல் இங்கிலாந்துக்காரன்."

"இங்கிலாந்துக்காரனா?"

அந்தக் குரலுக்கு இரண்டு நாட்டிலும் காக்கைகள் எழுந்து பறந்தன.

"அது என் வீட்டுக்காரருங்க!"

தள்ளி நின்ற ஒரு செம்மறி ஆடு இருமியது.

அவள் கணவன் இட்வல் போய் இரண்டு வருடம் ஆகிறது. தன்னைக் கரையிலேயே வைக்கும்படி கேட்டுக்கொண்டானாம். தோண்டினால் குற்றம். ஆகவே நெஸ்டா மேற்குச் சரிவில் நல்ல அகழெலி வளையாகப் பார்த்து, அஸ்தியை உள்ளே ஊற்றிவிட்டாள். தோண்டியது அகழெலி. அவள் கரண்டிகூட எடுத்துவரவில்லை.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவள் வராமல் இருந்ததில்லை. வரலாற்றில் எவ்வளவு ஆர்வம் என்று நாங்கள்தான் மெச்சிக்கொண்டிருந்தோம்.

கிளைவ் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். சல்லடையில் இருந்ததை ஒரு துகள் சிந்தாமல் பையில் இட்டு, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். ஆனால் வங்கியில் இருந்த மனிதர். கணக்கு இடித்தால் தூக்கம் வராது.

"மன்னிக்கணும். மேற்குச் சரிவுலதானே போட்டீங்க? இவ்வளவு பெரிய கரைக்குள்ள குடைஞ்சு, கிழக்குப் பக்கம் கொண்டாந்து தள்ள ஒரு அகழெலியால முடியுமா?"

நெஸ்டா பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கிழக்குச் சரிவின் அடியைப் பார்த்தாள்.

அங்கே இருப்பது ஒரே ஒரு வீடு. மியூரியல் டட்லி, கணவனை இழந்தவள், தனியாக இருக்கிறாள். அவள் சுடும் ஆப்பிள் கேக்குக்கு இந்தப் பக்கத்திலேயே ஈடு கிடையாது என்று பேச்சு. இட்வல் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

"அகழெலியைக் குத்தம் சொல்லாதீங்க," என்றாள் நெஸ்டா. "உயிரோட இருந்தப்பவும் இந்த வழியாத்தான் போவாரு."